மண்ணிடம் பாடம் கேட்டவர்

நுழையும்முன்

உழவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் நாட்டில், மண்ணைப் பற்றிய அறிவு நூல்களில் மட்டும் தங்கியிருப்பதில்லை. உழவரின் கையிலும் கண்ணிலும் தங்கியிருக்கிறது. அந்த உழவருக்கு அறிவியலைக் கற்பிக்கக் கடல் கடந்து வந்த அறிஞர் ஒருவர், அவர்களிடமே மாணவராக அமர்ந்தார். கற்றதைச் சோதித்தார், சோதித்ததை அளந்தார், அளந்ததை உலகிற்கு எடுத்துரைத்தார். இன்று இயற்கை வேளாண்மை என வழங்கும் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல்பர்ட் ஹோவார்டின் வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

அட்டையில் ஓர் எண்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் செம்மண் நிலங்கள் விரிந்து கிடக்கின்றன. நிலக்கடலை இங்குப் பெரும்பயிர். இவ்வட்டார மக்கள் அதனை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்குவர். திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்துகள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை இரகங்கள் டி.எம்.வி. என்னும் எழுத்துகளைத் தாங்கி நாடெங்கும் சென்றன. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பவை.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் நோக்கிச் சென்றால் நிலத்தின் நிறமும் குணமும் மாறுகின்றன. கழுவெளி ஈரநிலத்தையும் உப்பளங்களையும் நெருங்க நெருங்க மண்ணில் உவர் மிகுகிறது. தெற்கே விழுப்புரத்தைச் சூழ்ந்த பாசனப் பகுதிகளிலோ நெல்லும் கரும்பும் விளைகின்றன. ஒரே மாவட்டத்தில், சில மணி நேரப் பயணத்தில், மண் தன் இயல்பைப் பலமுறை மாற்றிக்கொள்கிறது.

இந்நிலங்களை உழும் ஒருவர் தம் வயல் மண்ணை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால், அவருக்கு மண்வள அட்டை ஒன்று கிடைக்கும். அதில் குறிக்கப்படும் 12 கூறுகளுள் ஒன்று பி.எச். மதிப்பு. மண் புளிப்புத் தன்மை உடையதா, காரத் தன்மை உடையதா என்பதை அந்த எண் உணர்த்துகிறது. அது சற்றே பிறழ்ந்தாலும், இட்ட உரம் பயிருக்குக் கிட்டாமல் மண்ணிலேயே முடங்கிவிடக்கூடும். செலவும் உழைப்பும் வீணாகும். கடன் மட்டும் எஞ்சும். ஆகவே அந்தச் சிறிய எண்ணின் பின்னே ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாழ்வே அடங்கியிருக்கிறது.

மண்ணின் குறையை எவ்வாறு சீர்செய்வது? குறைந்த சத்தை வெளியிலிருந்து ஊற்றினால் போதும் என்பது ஒரு விடை. மண் ஓர் உயிருள்ள அமைப்பு. அதன் உயிர்ப்பைப் பேணினால் அது தன் சமநிலையைத் தானே பெரிதும் காத்துக்கொள்ளும் என்பது மற்றொரு விடை. இரண்டாவது விடையை, இந்திய மண்ணில் 26 ஆண்டுகள் உழைத்து அறிவியல் முறையில் நிறுவ முயன்றவர் ஆல்பர்ட் ஹோவார்டு.

உழவர் வீட்டுப் பிள்ளை

ஹோவார்டு 1873ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் சுராப்சயர் பகுதியில் உள்ள பிசப்சு காசில் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். கால்நடைகளும் வயலும் சூழ்ந்த வாழ்வு இளமையிலேயே அவருக்கு அமைந்தது. இலண்டனில் உள்ள அரச அறிவியல் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியிலும் பயின்று அறிவியலில் சிறப்புற்றார்.

அவர் கல்வி பெற்ற காலத்தில், செருமானிய வேதியியல் அறிஞர் இலீபிக்கு 1840இல் வெளியிட்ட கருத்துகள் வேளாண் அறிவியலை ஆண்டுகொண்டிருந்தன. பயிரை எரித்துச் சாம்பலாக்கி, அதில் உள்ள தனிமங்களைக் கணக்கிட்டு, அவற்றை மண்ணுக்குத் திருப்பித் தந்தால் விளைச்சல் குறையாது என்று பலரும் நம்பினர். வேதியியலார் உரத்தையும், பூஞ்சையியலார் நோயையும், பூச்சியியலார் பூச்சியையும் தனித்தனியே ஆராய்ந்தனர். நிலத்தை முழுமையாக நோக்கும் பார்வை அரிதாக இருந்தது.

ஹோவார்டு 1899இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பார்படோசில் பூஞ்சையியல் வல்லுநராகப் பணியேற்றார். கரும்பு முதலிய பயிர்களின் நோய்களை ஆராய்ந்தபொழுது அவர் உள்ளத்தில் ஓர் உறுத்தல் எழுந்தது. நோய்க்குத் தீர்வு கூறும் பொறுப்பு அவருக்கு இருந்தது. ஆனால் அத்தீர்வைச் சோதித்துப் பார்க்கச் சொந்தமாக ஒரு வயல் இல்லை. தாமே பயிரிட்டுப் பார்க்காத ஒருவர் பயிரிடுவோருக்கு எவ்வாறு வழிகாட்ட இயலும் என்னும் வினா அவரை விடாது தொடர்ந்தது. அவ்வினாவே அவர் வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது.

பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி, வை என்னும் ஊரில் உள்ள வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றினார். அங்கே மது வடிப்பதற்குப் பயன்படும் ஆப்பு என்னும் கொடிப்பயிரை ஆராய்ந்தார். தோட்டக்காரர்கள் ஆண்கொடிகளை அகற்றிவிடுவது வழக்கம். மகரந்தச் சேர்க்கை இயல்பாக நிகழ விடுவதே பயிருக்கு நன்மை தரும் என்பதை அவர் காட்டினார். இயற்கையின் ஒழுங்கைக் குலைத்துவிட்டு அதன் பயனை மட்டும் எதிர்பார்க்க இயலாது என்னும் பாடத்தை அக்கொடிகள் அவருக்குக் கற்பித்தன.

பூசாவில் கிடைத்த வயல்

1905ஆம் ஆண்டு, ஆங்கிலேய இந்திய அரசின் பொருளாதாரத் தாவரவியல் வல்லுநராக ஹோவார்டு பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். நீண்ட நாள் ஏங்கிய வாய்ப்பு இங்கே கிட்டியது. 75 ஏக்கர் நிலம் அவர் பொறுப்பில் விடப்பட்டது.

நிலத்தைப் பெற்றதும் தாம் கற்ற நூலறிவை அதில் திணிக்க அவர் முற்படவில்லை. சுற்றுப்புற ஊர்களில் உழவர் எவ்வாறு பயிரிடுகின்றனர் என்பதைக் கூர்ந்து கவனித்தார். மேலைநாட்டுப் பூச்சிக்கொல்லிகளும் செயற்கை உரங்களும் இல்லாமலேயே அவர்களுடைய பயிர்கள் பெரும்பாலும் நலமாக இருந்ததைக் கண்டு வியந்தார். அவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். பயிரைத் தாக்கும் பூச்சியையும் பூஞ்சையையும்கூட அவர் பகையாக மட்டும் கருதவில்லை. மண்ணும் பயிரும் எங்கோ நிலைகுலைந்துள்ளன என்பதைச் சுட்டும் அறிகுறிகளாக அவற்றைக் கண்டார்.

இவ்வாறு உழவரின் திறனை மதித்த ஆங்கிலேயர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அதற்குமுன் இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்கர் என்னும் வேதியியல் அறிஞர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இந்திய உழவரின் நுட்பத்தைப் பாராட்டியிருந்தார். எனினும், கண்டு பாராட்டுவதோடு நில்லாமல், கற்றதை ஆய்வுமுறையாக வளர்த்தெடுத்த பெருமை ஹோவார்டைச் சாரும்.

பூசாவில் அவர் வளர்த்த உழவு மாடுகள் தொடர்பான நிகழ்வு புகழ்பெற்றது. நல்ல மண்ணில் விளைந்த தீவனத்தை உண்ட அம்மாடுகள், வேலிக்கு அப்பால் கோமாரி நோயுற்ற மாடுகளோடு மூக்குரசி நின்றபோதும் நோய்வாய்ப்படவில்லை என்று அவர் பதிவுசெய்துள்ளார். இது கட்டுப்பாடுடைய சோதனையன்று; ஓர் ஆய்வாளரின் கூர்நோக்கு. ஆயினும் மண்ணின் நலம், பயிரின் நலம், கால்நடையின் நலம், மாந்தரின் நலம் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்னும் எண்ணம் அவருள் வேரூன்ற இது காரணமாயிற்று.

இணைந்து உழைத்த கேப்ரியல்

ஹோவார்டின் இந்தியப் பணியை அவருடைய துணைவியார் கேப்ரியலிடமிருந்து பிரித்து நோக்க இயலாது. 1876இல் பிறந்த கேப்ரியல், கேம்பிரிட்சின் நியூன்காம் கல்லூரியில் பயின்றவர். ஒளியும் வெப்பமும் ஒளிச்சேர்க்கையை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதைப் பிளாக்மன் என்னும் அறிஞரோடு இணைந்து ஆராய்ந்து, திருமணத்திற்கு முன்பே தாவர உடலியலில் தம் பெயரைப் பதித்தவர். 1905இல் ஹோவார்டை மணந்து இந்தியா வந்தார்.

இருவரும் இணைந்து கோதுமையை ஆராய்ந்தனர். இந்தியக் கோதுமை பற்றிய அவர்களுடைய நூல் 1909இல் வெளியாயிற்று. அவர்கள் தேர்ந்தெடுத்தும் கலந்தும் உருவாக்கிய பூசாக் கோதுமை இரகங்கள் வடஇந்திய வயல்களில் பரவின. கோடைக்காலங்களில் குவெட்டாவில் தங்கிப் பழமரங்களையும் நீர்ச்சிக்கனத்தையும் ஆராய்ந்தனர். வேர் எவ்வளவு ஆழம் செல்கிறது, மண்ணுக்குள் காற்று எவ்வாறு புகுகிறது என்பனவற்றைத் தோண்டிப் பார்த்துப் பதிவுசெய்தனர். மண்ணுக்கும் மூச்சு உண்டு. அம்மூச்சு தடைப்பட்டால் வேர் நலிவுறும் என்பது அவர்கள் ஆய்வின் சாரம்.

பெண்களுக்கு உயர்பதவி எளிதில் கிட்டாத அக்காலத்தில், கேப்ரியல் அரசின் இரண்டாம் பொருளாதாரத் தாவரவியல் வல்லுநராக அமர்த்தப்பட்டார். கட்டுரைகள் பலவற்றில் இருவர் பெயரும் இடம்பெற்றன. ஆயினும் பிற்காலத்தில் புகழ் பெரும்பாலும் கணவரின் பெயரையே சூழ்ந்தது. அவ்வரலாற்றை முறையாகக் கற்போர் கேப்ரியலின் பங்கையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

இந்தூர் நிலையம்

உயர்ந்த விதையைத் தந்துவிட்டால் உழவரின் வாழ்வு உயர்ந்துவிடும் என்னும் நம்பிக்கை ஹோவார்டுக்கு நாளடைவில் தளர்ந்தது. நல்ல இரகம் தன் ஆற்றலை வெளிப்படுத்த வேண்டுமானால் மண் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். விதை, மண், நீர், கால்நடை, உழவரின் பொருள்நிலை ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆராயும் நிலையம் தேவை என்று அவர் உணர்ந்தார். பல துறைகளாகப் பிரிந்து கிடந்த பூசாவின் அமைப்பு அதற்கு இடந்தரவில்லை.

இந்தியப் பருத்திக் குழுவின் நிதியுதவியும் நடுவிந்திய அரசுகளின் ஆதரவும் சேர, 1924இல் இந்தூரில் தாவரத் தொழில் ஆய்வு நிலையம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் இயக்குநராக 1931 வரை ஹோவார்டு பணியாற்றினார். பருத்தியே அந்நிலையத்தின் முதன்மைப் பயிர். ஆனால் பருத்தியை ஆராயப் புகுந்தவர், பருத்தி நிற்கும் மண்ணையே முதலில் ஆராய்ந்தார்.

உழவரிடம் இரசாயன உரம் வாங்கப் பணம் இல்லை. மாட்டுச் சாணத்தில் ஒரு பகுதி வரட்டியாகி அடுப்பில் எரிந்தது. பருத்திமார், சருகு, களை, கரும்புத்தோகை முதலியன எரிக்கப்பட்டன. அல்லது வீணே கிடந்தன. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்பாத இந்நிலையே வறுமையின் வேர்களுள் ஒன்று என ஹோவார்டு கண்டார். அதே வேளையில், சீனம், கொரியா, சப்பான் ஆகிய நாடுகளின் உழவர்கள் நாற்பது நூற்றாண்டுகளாகக் கழிவுகளை மட்கச்செய்து நிலத்தின் வளத்தைக் காத்து வருவதை அமெரிக்க அறிஞர் கிங் 1911இல் வெளியான தம் நூலில் விவரித்திருந்தார். அந்நூல் ஹோவார்டுக்கு ஊக்கமளித்தது. கிழக்கு நாடுகளின் பழைய அறிவும் மேற்கின் அளவீட்டு முறையும் இந்தூரில் கைகோத்தன.

இப்பணியில் அவருக்கு உறுதுணையாக நின்றவர் அந்நிலையத்தின் வேதியியலார் யஷ்வந்த் டி. வாட் என்னும் இந்திய அறிஞர். மட்குக் குழியின் வெப்பம், ஈரம், கரிமம், நைட்ரசன் ஆகியவை நாளுக்கு நாள் மாறும் விதத்தை அளந்தறிவதற்கு வேதியியல் தேர்ச்சி இன்றியமையாததாக இருந்தது. வேளாண் கழிவுகளை மட்காக்கிப் பயன்படுத்துவது குறித்து 1931இல் வெளிவந்த நூலில் ஹோவார்டின் பெயரோடு வாட் அவர்களின் பெயரும் இடம்பெற்றுள்ளது.

இந்தூர் முறை

ஹோவார்டும் வாட்டும் வகுத்த மட்குரம் செய்யும் முறை இந்தூர் முறை எனப் பெயர்பெற்றது. அதற்குத் தேவைப்படும் பொருள்கள் ஊர்தோறும் கிடைப்பவை: பலவகைச் செடிகொடிக் கழிவுகள், மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவத்து மண், விறகுச் சாம்பல், நீர், காற்று. அகலமான ஆழமற்ற குழியிலோ, தரைமேல் குவியலாகவோ இவை அடுக்கடுக்காகப் பரப்பப்படும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பணி உண்டு. சருகும் தண்டும் கரிமத்தைத் தருகின்றன. சாணமும் மூத்திரமண்ணும் நைட்ரசனைத் தருகின்றன. தொடக்கத்தில் கரிமம் ஏறத்தாழ 33 பங்கும் நைட்ரசன் 1 பங்குமாக இருந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பணியாற்றும். மட்கி முடிந்தபின் இவ்விகிதம் 10க்கு 1 என்னும் அளவை நெருங்கும். நீர் குறைந்தால் நுண்ணுயிர் அடங்கிப்போகும். மிகுந்தால் காற்று வெளியேறி அழுகல் நாற்றம் எழும். இடையிடையே குவியலைக் கிளறிப் புரட்டுவது அதற்குக் காற்றூட்டுவதற்காகவே. குழியின் வெப்பம் தொடக்கத்தில் ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வரை உயர்ந்து, 90 நாள்களில் 30 பாகையளவுக்குத் தணிகிறது. முதலில் பூஞ்சைகளும் பின்னர்ப் பாக்டீரியாக்களும் முன்னின்று பணியாற்றுகின்றன. மூன்று திங்களில் கழிவு, கருநிறமும் மண்மணமும் கொண்ட மட்காக மாறிவிடுகிறது.

இங்குச் சாம்பலின் பணி தனித்துக் கருதத்தக்கது. பசிய கழிவுகள் சிதையத் தொடங்கும்போது கரிம அமிலங்கள் தோன்றுகின்றன. புளிப்பு மிகுந்தால் நுண்ணுயிர்களின் வேலை தளர்ந்துவிடும். காரத்தன்மை கொண்ட சாம்பலும் மண்ணும் அப்புளிப்பைத் தணித்துக் குவியலை நடுநிலைக்கு அருகில் நிறுத்துகின்றன. காரம் மிகுந்தாலோ நைட்ரசன் அம்மோனியா வளியாகி வெளியேறிவிடும். ஆதலின் அளவு இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

அமில காரத் தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலை 1909இல் வகுத்தவர் தென்மார்க்கு நாட்டின் கார்ல்சுபெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் என்னும் வேதியியல் அறிஞர். பொதுவாக 0 முதல் 14 வரை அமையும் இவ்வளவுகோலில் 7 என்பது நடுநிலை. 7க்குக் கீழ் அமிலத் தன்மை. 7க்கு மேல் காரத் தன்மை. ஓர் எண் மாறினால் தன்மை பத்து மடங்கு மாறுகிறது. எனவே பி.எச். 5 உடைய மண், பி.எச். 6 உடைய மண்ணைவிடப் பத்து மடங்கு புளிப்புடையது. பெரும்பாலான பயிர்கள் 6 முதல் 7.5 வரையுள்ள மண்ணில் செழித்து வளரும்.

மட்கும் மண்ணின் சமநிலையும்

மண் மிகுதியாகப் புளித்தால் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கெடுக்கும். பாசுபரம் பயிருக்கு எட்டாமல் பிணைபடும். காரம் மிகுந்தால் இரும்பு, துத்தநாகம் முதலிய நுண்சத்துகள் கிடைப்பது குறையும், இலைகள் வெளிறும். சத்து மண்ணில் இருந்தும் பயிர் பட்டினி கிடக்கும் இந்நிலையைப் பூட்டிய களஞ்சியத்தின் முன் பசித்து நிற்பதோடு ஒப்பிடலாம்.

மட்கு அக்களஞ்சியத்தின் பூட்டைத் திறக்க உதவுகிறது. அது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைத் தன்மேல் பற்றிக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. ஐதரசன் அயனிகளை வேண்டும்போது ஏற்றும் வேண்டும்போது விடுத்தும், மண்ணின் பி.எச். மதிப்பு திடீரென ஏறவோ இறங்கவோ விடாமல் தாங்கிக்கொள்கிறது. வேதியியலார் இதனைத் தாங்கல் ஆற்றல் என்பர். மணற்பாங்கான செம்மண்ணில் இவ்வாற்றல் இயல்பாகவே குறைவு. எனவே அத்தகைய நிலங்களுக்கு மட்குரம் உணவாக மட்டுமன்றி அரணாகவும் அமைகிறது.

ஆயினும் மட்குரம் ஒன்றே எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் எனக் கொள்ளலாகாது. மிகவும் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுதல் வேண்டும். சோடியம் மிகுந்த களர் நிலத்திற்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாளை மடக்கி உழுதல் வேண்டும். உப்பு மிகுந்த உவர் நிலத்தில் வடிகால் அமைத்து உப்பைக் கழுவி வெளியேற்றுதல் முதற்பணி. புளிப்பு மண்ணுக்கு நன்மை செய்யும் சாம்பல், காரம் மிகுந்த மண்ணுக்குத் தீங்கு செய்யும். மண்ணின் தன்மையை அறிந்தபின்னரே மருந்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதும் மண்ணின் புளிப்பை மாற்றுவதற்காகவன்று. காய் திரளத் தேவையான கால்சியத்தையும் கந்தகத்தையும் வழங்குவதற்காகும்.

கரைசலும் மட்குரச் சாறும்

இந்தூர் முறையில் குழியை நிரப்பும்போது சாணம், மூத்திரமண், சாம்பல் ஆகியவற்றோடு முன்னரே மட்கிக்கொண்டிருக்கும் குழியிலிருந்து எடுத்த சிறிது பொருளையும் நீரில் கரைத்து ஒவ்வோர் அடுக்கின் மேலும் தெளிப்பர். பாலுக்கு உறைமோர் எவ்வாறோ, புதிய குவியலுக்கு அக்கரைசல் அவ்வாறு. பழைய குழியின் நுண்ணுயிர்கள் புதிய குழியில் குடியேற அது வழிசெய்கிறது.

இக்காலத்தில் நன்கு மட்கிய உரத்தை நீரில் ஊறவைத்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் காற்றூட்டி, வடிகட்டிப் பயிருக்குத் தெளிக்கும் மட்குரச் சாறு பரவலாகப் பேசப்படுகிறது. நம் உழவர்கள் பயன்படுத்தும் பஞ்சகவ்வியம், அமிர்தக் கரைசல், மண்புழு வடிநீர் ஆகியனவும் நுண்ணுயிரை நீரின்வழி மண்ணுக்கு வழங்கும் முயற்சிகளே. ஹோவார்டின் கரைசல் குழிக்கானது; பயிருக்கானதன்று. எனினும் நுண்ணுயிரே மண்ணின் உழைப்பாளி என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

மட்குரச் சாற்றின் பயன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த மட்கிலிருந்து வடிக்கப்பட்டது, எவ்வாறு காற்றூட்டப்பட்டது, எத்தகைய மண்ணில் தெளிக்கப்பட்டது என்பனவற்றைப் பொறுத்து அது மாறுபடும். முற்றாக மட்காத உரத்தில் வெல்லம் சேர்த்து ஊறவைத்தால் தீங்கு செய்யும் நுண்ணுயிர்களும் பெருகக்கூடும். சில குடம் சாறு, ஓர் ஏக்கர் மண்ணின் பி.எச். மதிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாது. நுண்ணுயிரைத் தெளிப்பதோடு அவை உண்டு வாழ்வதற்கான மட்கையும் மண்ணில் சேர்த்தல் வேண்டும். உறைமோரை மட்டும் வைத்துக்கொண்டு பாலின்றித் தயிர் தோய்க்க இயலாதன்றோ?

எதிர்ப்பும் ஏற்பும்

1930ஆம் ஆண்டு கேப்ரியல் மறைந்தார். கால் நூற்றாண்டாக ஆய்வகத்திலும் வயலிலும் உடன் நின்ற துணையை இழந்த ஹோவார்டு, அடுத்த ஆண்டு பணியிலிருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். பின்னர், கேப்ரியலின் தங்கையான உலூயிசை மணந்தார். ஹோவார்டின் இந்தியப் பணிகளைப் பிற்காலத்தில் நூலாக்கி 1953இல் வெளியிட்டவர் இவரே.

ஓய்வு, ஹோவார்டின் உழைப்பை நிறுத்தவில்லை. ஆப்பிரிக்காவின் காப்பித் தோட்டங்களிலும் இந்தியாவின் தேயிலைத் தோட்டங்களிலும் இந்தூர் முறை பின்பற்றப்பட்டது. 1934இல் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. கிராமத் தொழில்களைப் புதுப்பிக்க முனைந்த காந்தியடிகள், 1935இல் இந்தூர் நிலையத்தைப் பார்வையிட்டு, உரம் செய்யும் அம்முறையில் பெரிதும் ஆர்வம் காட்டினார். தஞ்சையில் பிறந்து காந்தியப் பொருளியலை வகுத்த ஜே.சி. குமரப்பாவும், மண்ணின் வளத்தைக் காக்காத பொருளாதாரம் நிலைத்து நில்லாது என்னும் கருத்தை உடையவர்.

தமிழ்நாட்டின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வை மேற்கொண்டிருந்த இராபர்ட் மெக்காரிசன், விசுவநாத் என்னும் வேதியியலாரோடு இணைந்து, எருவிட்டும் செயற்கை உரமிட்டும் விளைவித்த தானியங்களின் ஊட்டத்தை ஒப்பிட்டு 1926இல் ஆய்வறிக்கை வெளியிட்டார். எருவிட்ட தானியங்கள் ஊட்டத்தில் சிறந்திருந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. மண்ணின் நலமே உடலின் நலம் என்னும் ஹோவார்டின் கருத்துக்கு மெக்காரிசனின் ஆய்வுகள் வலுச்சேர்த்தன.

1940இல் ஹோவார்டின் முதன்மை நூலான வேளாண் மரண சாசனம் எனும் பொருள்படும் நூல் வெளியாயிற்று. இங்கிலாந்தின் ஈவ் பால்பர், அமெரிக்காவின் ரோடேல் முதலியோர் அதனால் ஈர்க்கப்பட்டு இயற்கை வேளாண்மையை இயக்கமாக வளர்த்தனர்.

அவர் கருத்துகளுக்கு எதிர்ப்பும் மிகுதி. தனித்தனித் துறைகளில் ஆய்ந்தோர் பலர், நிலத்தை முழுமையாகக் காண வேண்டும் என்ற அவருடைய வாதத்தை வரவேற்கவில்லை. செயற்கை உரங்களை முற்றிலும் மறுத்த அவருடைய நிலைப்பாடு மிகையானது என்றும், பெருகும் மக்கள்தொகைக்கு மட்குரம் மட்டும் போதாது என்றும் வாதிட்டனர். அவ்விவாதம் இன்றும் முடிவுறவில்லை. எனினும் கரிமச்சத்தின்றி மண் நெடுநாள் வளத்தோடு இருக்க இயலாது என்பதை இன்று இரு சாராரும் ஏற்கின்றனர். மண்வள அட்டையில் கரிமச்சத்திற்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பது அதற்குச் சான்று.

மண்ணுக்குத் திரும்புதல்

1947ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள், இலண்டனை அடுத்த பிளாக்கீத்தில் ஹோவார்டு மறைந்தார். அவருக்குப் பாடம் சொன்ன உழவரின் நாடு விடுதலை பெற்று இரண்டு திங்களே ஆகியிருந்தன. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார், இந்திய உழவரிடம் கற்ற அறிஞராக ஹோவார்டைத் தம் உரைகளில் எடுத்துக்காட்டினார். உழவரிடமிருந்து சென்ற அறிவு, உலகைச் சுற்றிவந்து மீண்டும் உழவரையே அடைந்தது.

திண்டிவனத்துச் செம்மண்ணில் மணிலா அறுவடை முடிந்ததும் கொடியும் சருகும் மிஞ்சுகின்றன. விழுப்புரத்துக் கரும்புக் கொல்லையில் தோகை குவிகிறது. ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்கிறது. தொழுவத்தில் சாணமும் அடுப்படியில் சாம்பலும் நாள்தோறும் சேர்கின்றன. தீயிட்டால் இவை ஒரு நாழிகையில் புகையாகும். மட்கச்செய்தால் மூன்று திங்களில் மண்ணாகும். எதைத் தேர்வது என்பது ஒவ்வோர் உழவர் குடும்பத்தின் முன்னும் நிற்கும் வினா.

அவ்வினாவுக்கு விடைகாண ஹோவார்டு காட்டிய வழி எளியது. முதலில் நிலத்தைக் கவனித்தல். நிலத்தை அறிந்தோரிடம் கேட்டல். கேட்டதைச் சோதித்து அளத்தல். அதன்பின்னரே பிறருக்குச் சொல்லுதல். மண்வள அட்டையில் உள்ள எண்ணைப் படிக்கக் கற்ற மாணவர், அந்த எண்ணைத் தாங்கி நிற்கும் மண்ணையும் கையில் எடுத்து, அதன் நிறத்தையும் மணத்தையும் ஈரத்தையும் அறிய முற்படுதல் வேண்டும். அறிவியலும் அனுபவமும் அங்கே ஒன்றுசேரும். பட்டங்கள் பல பெற்றபின்னும் மண்ணின் முன் மாணவராக அமர்ந்த ஓர் அறிஞரின் வாழ்வு உணர்த்தும் பாடம் அதுவே.